பின்விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர்: ஒரு பயிற்சி விமானத்தின் இறக்கைப் பிடிப்பு

ஆய்வுக்கு வந்தது மேல் இறக்கை கொண்ட ஒரு ரேடியோ கட்டுப்பாட்டுப் பயிற்சி விமானம். இறக்கையின் நீளம் 1,580 மி.மீ., அகலம் 270 மி.மீ. பேட்டரியோடு மொத்த எடை 2.45 கிலோ, அதில் சர்வோக்களோடு (அசையும் பாகங்களை இயக்கும் சிறு மோட்டார்கள்) இறக்கை மட்டும் 620 கிராம். பால்சா என்னும் இலகு மரமும் லைட் பிளை என்னும் இலகு ஒட்டுப்பலகையும் கொண்டு தொழிற்சாலையிலேயே கட்டி, ஃபிலிம் ஒட்டி வரும் ரகம். முன்விளிம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு 6 மி.மீ. மரமுளைகள் உடற்பகுதியின் குறுக்குச் சட்டத்தில் உள்ள துளைகளுக்குள் நுழையும். பின்விளிம்பை இரண்டு எம்6 (6 மி.மீ. தடிமன்) நைலான் போல்ட்டுகள் கீழே இழுத்துப் பிடிக்கும். அந்தப் போல்ட்டுகள் மாட்டும் இடம், இரு பக்கச் சுவர்களுக்கும் நடுவே பாலம்போல் ஒட்டப்பட்ட 5 மி.மீ. லைட் பிளைத் தட்டு. தட்டின் அடியில் இரண்டு இரும்பு டி-நட்டுகள், அதாவது மரத்தைக் கடிக்கும் பற்கள் கொண்ட நட்டுகள்.

குறை முதலில் ட்ரிம்மில், அதாவது விமானம் தானாக மட்டமாகப் பறக்கச் செய்துவைத்த சரிக்கட்டலில், தெரிந்தது. ஒரு லூப் (செங்குத்து வட்டம்) முடித்து நேராக்கியதும் மூக்கு லேசாகத் தாழ்ந்தது. வாலில் இருந்து மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரை மூன்று கிளிக் ஏற்றிய பிறகே விமானம் மட்டமாகப் பறந்தது. இறக்கிப் பார்த்தபோது போல்ட்டுகள் இரண்டும் இறுகியே இருந்தன. திருப்புளி கால் சுற்றுகூட நகரவில்லை. ஆனால் பின்விளிம்பை விரலால் தூக்கினால் 2 மி.மீ. எழும்பியது. முளைக்கும் போல்ட்டுக்கும் இடையே 245 மி.மீ. தூரம். அந்தத் தூரத்தில் பின்விளிம்பு 1 மி.மீ. உயர்ந்தால் இறக்கையின் பதிவுக் கோணம் (உடற்பகுதியோடு இறக்கை அமைந்த சாய்வு) ஏறத்தாழ கால் டிகிரி குறையும், 2 மி.மீ.க்கு அரை டிகிரி. ட்ரிம் மாறியதற்குக் காரணம் அதுதான். காரணமே இல்லாமல் ட்ரிம் மாறினால் சர்வோவைச் சந்தேகிக்கும் முன் இறக்கையைத் தூக்கிப் பாருங்கள்.

இறக்கையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் கதை முழுவதும் தெரிந்தது. தட்டின் இடது முனை சுவரிலிருந்து முழுதாக விட்டிருந்தது. விட்ட இடத்தில் சூப்பர் குளூ கண்ணாடிபோல் பளபளத்தது. மர நார் ஒன்றுகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. பசை மரத்துக்குள் இறங்காமல் மேலோடு மேலாக உறைந்திருக்கிறது என்று அர்த்தம். வலது முனையில் தலைமுடி அளவு விரிசல். டி-நட்டின் பற்கள் கடித்திருந்த இடம் துருவேறிப் பழுப்பாகி, மரம் நகத்தால் அழுத்தினாலே பொடிந்தது. முன்னால் குறுக்குச் சட்டத்தில் 6 மி.மீ. துளைகளில் ஒன்று பக்கவாட்டில் 6.8 மி.மீ. ஆகி முட்டை வடிவம் எடுத்திருந்தது. இறக்கையின் மேல்புறத்தில் போல்ட்டின் தலை பால்சாவை ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கியிருந்தது.

எது பிய்த்தது

லூப்தான் பிய்த்தது என்று எண்ணத் தோன்றும். கணக்குப் போட்டால் அது நிற்காது. ஐந்து மடங்கு ஈர்ப்பில் இழுக்கும்போது மொத்தத் தூக்குவிசை சுமார் 120 நியூட்டன். அது செயல்படுவது முன்விளிம்பிலிருந்து கால் பங்கு அகலத்தில், அதாவது முளைகளுக்கு அருகில். ஆகவே சுமையின் பெரும்பகுதியை முளைகளே வாங்குகின்றன. இறக்கையின் சொந்த எடையைக் கழித்து, வேகத்தில் அது மூக்குப் பக்கம் புரள முயலும் திருப்புவிசையைச் சேர்த்தாலும் பின் போல்ட்டுகள் இரண்டுக்கும் சேர்த்து வருவது 35 முதல் 45 நியூட்டன்; நான்கு கிலோ சொச்சம். ஈரம் குடித்த நைலானை வைத்துக் கணக்கிட்டாலும் ஒரு எம்6 போல்ட் தனியாகவே நூறு கிலோ தாங்கும்.

இப்போது திருப்புளியைக் கவனியுங்கள். தடித்த பிடியுள்ள திருப்புளியால் எம்6 போல்ட்டை 0.5 நியூட்டன் மீட்டர் இறுக்குவது எவருக்கும் எளிது. அந்த இறுக்கம் போல்ட்டில் ஏற்படுத்தும் இழுவிசை சுமார் 40 கிலோ. இரண்டுக்கும் 80 கிலோ. லூப்பில் வருவதைப்போல் இருபது மடங்கு, மைதானத்தில் விமானம் தரையில் நிற்கும்போதே! இந்த விமானத்தில் இறக்கை பக்கச் சுவர்களின் மேல்விளிம்பில் உட்கார்ந்திருந்தது. தட்டு அதற்குக் கிட்டத்தட்ட 10 மி.மீ. கீழே அந்தரத்தில் தொங்கியது. போல்ட்டை இறுக்க இறுக்கத் தட்டு மேலே இழுபட்டது. அந்த 80 கிலோவைத் தடுத்து நிறுத்த இரு பக்கமும் உள்ள பசைக்கோட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. தட்டு நடுவில் வளையும்போது பசை ஓரத்திலிருந்து உரிபடும். சூப்பர் குளூவால் சகிக்க முடியாத சுமை எது என்றால் இப்படி உரிப்பதுதான்.

சிங்கப்பூரில் இந்தக் குறை சீக்கிரமே தலைகாட்டுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, கழற்றி மாட்டுவது. வீட்டோடு கொட்டகை வைத்திருப்பவர் விமானத்தை மாட்டியபடியே வைக்கலாம். ஒன்றரை மீட்டர் இறக்கையை மாட்டிய விமானம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் மின்தூக்கிக்குள் நுழையாது, டாக்சியிலும் ஏறாது. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டத்தான் வேண்டும். வாரம் ஒருமுறை பறந்தால் ஆண்டுக்கு ஐம்பது முறை தட்டு இழுபடுகிறது. நைலான் சுமையில் மெல்ல நீளும் என்பதால், ஒரு மணி நேரத்தில் போல்ட் தளர்ந்ததுபோல் தோன்ற, இன்னும் கால் சுற்று இறுக்குவோரும் உண்டு. அப்போது எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

அடுத்தது ஈரப்பதம். மழையில்லாத நாளில்கூட விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டி, பிற்பகலில் 60 வாக்கில் இறங்கும். லைட் பிளை இந்த ஏற்ற இறக்கத்தில் உப்பிச் சுருங்கும். டி-நட்டின் பல்லைச் சுற்றியுள்ள பிடி தளரும். மூன்றாவது கார். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உட்புறம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே சாதாரணம். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸிப் பசை அந்தச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். அவசரத்துக்கு அதை ஊற்றி ஒட்டிய தட்டு, போல்ட் இழுத்துக்கொண்டிருக்கும்போது மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்ந்துவிடும். உடைந்த சத்தமே வராது.

முட்டை வடிவத் துளையின் கதை வேறு. தரையிறங்கும்போது இறக்கை நுனி புல்லில் மாட்டினால், 790 மி.மீ. நெம்புகோல் ஒன்று இறக்கையைப் பக்கவாட்டில் திருப்புகிறது. நுனியில் 4 கிலோ பட்டாலே முளையிலும் போல்ட்டிலும் 13 கிலோ குறுக்காக வந்து விழும். அடி பலமானால் எங்காவது ஒன்று போயாக வேண்டும். எம்6 போல்ட்டுகள் இந்த எடையுள்ள விமானத்துக்கு அளவுக்கு மீறித் தடிமன். அவை உடையாததால் மரம் நசுங்கியது. வலுப்படுத்துவது என்றதும் இரும்புப் போல்ட் வாங்கப் போகிறவர்கள் செய்வது இதே பிழையின் பெரிய வடிவம். பத்துக் காசு பெறும் நைலான் துண்டு உடைய வேண்டிய இடத்தில் உடற்பகுதியே பிளந்துகொள்ளும்.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. இறுக்கும் விசை பசையைத் தொடாமல் மரத்திலிருந்து மரத்துக்கு அமுக்கமாகப் போக வழி செய்ய வேண்டும். விபத்தில் முதலில் போவது போல்ட்டாகவே இருக்கும்படி போல்ட்டைச் சிறிதாக்க வேண்டும்.

சீரமைப்பு

தேவைப்பட்டவை: 6 மி.மீ. பர்ச் பிளைவுட் 84 × 45 மி.மீ. ஒரு துண்டு, 10 × 12 மி.மீ. ஸ்ப்ரூஸ் அல்லது பைன் கட்டை 100 மி.மீ.; 1.5 மி.மீ. பர்ச் பிளைவுட் 120 × 30 மி.மீ. இரண்டு, குறுக்குச் சட்டத்துக்கு அதே 1.5 மி.மீ. பிளையில் 70 × 25 மி.மீ. ஒன்று, இறக்கையின் மேல்புறத்துக்கு 1 மி.மீ. பிளை 60 × 25 மி.மீ. ஒன்று, எம்5 டி-நட் இரண்டு, எம்5 × 50 நைலான் போல்ட் ஆறு (நான்கு உபரி), முப்பது நிமிட எபாக்ஸி 10 கிராம், பஞ்சுத்தூள் சிறிது. பால்சாவும் மெல்லிய பிளையும் பிராஸ் பாசா பக்கத்து ஓவியப் பொருள் கடைகளிலும், போல்ட் நட்டு ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்டுவேர் கடைகளிலும் தேடலாம். டி-நட்டைக் கையில் வைத்துக்கொண்டே போல்ட்டை வாங்குங்கள். அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் பார்வைக்கு ஒன்றுபோலிருந்து, இரண்டு சுற்றில் சிக்கிக்கொள்ளும்.

பழைய தட்டை நெம்பி எடுக்கக் கூடாது. வலது முனை இன்னும் பிடித்திருப்பதால், நெம்பினால் சுவரின் ஒரு அடுக்கும் கூடவே வரும். சவரத் தகடுபோல் மெல்லிய ரம்பத்தால் சுவரை ஒட்டி அறுத்து, எச்சத்தை எண்பதாம் நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய் வெறும் மரம் தெரியும்வரை தேய்ப்பது முக்கியம். பழைய சூப்பர் குளூவின் மேல் எவ்வளவு எபாக்ஸி ஊற்றினாலும் பிடிப்பு அந்தப் பழைய பசையின் பிடிப்பளவே இருக்கும்.

பிறகு அளவு. பிளாஸ்டிசின் களிமண்ணை இரண்டு உருண்டையாக, தட்டு இருந்த உயரத்தில் ஒரு தற்காலிகப் பலகைமேல் வைத்து, இறக்கையைப் பொருத்தி மெல்ல அழுத்தி எடுத்தால் இடைவெளி அப்படியே பதிந்துவிடும். இங்கே இடப்பக்கம் 9.4 மி.மீ., வலப்பக்கம் 9.8 மி.மீ. வந்தது. தாங்குகட்டைகள் இரண்டையும் 45 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, அந்தந்த அளவைவிட 0.3 மி.மீ. கூடுதலாக இழைத்து வைக்க வேண்டும்.

வேலையின் உயிர்நாடி இந்தக் கட்டைகள்தான். அவை தட்டுக்கு மேலே, சுவரை ஒட்டி உட்காரும். அடிமுகம் தட்டைத் தொடும், மேல்முகம் இறக்கையைத் தொடும். போல்ட் இழுக்கும்போது தட்டு கட்டையை அமுக்கும், கட்டை இறக்கையை அமுக்கும், இறக்கை போல்ட்டின் தலையை அமுக்கும். வட்டம் அங்கேயே மூடிக்கொள்கிறது. பக்கச் சுவரின் பசைக்கு இறுக்கும் விசையில் பங்கே இல்லை, பறக்கும்போது வரும் அந்த நான்கு கிலோ மட்டுமே. பலர் முக்கோணக் கட்டையைத் தட்டுக்கு அடியில் வைப்பார்கள். பார்க்கப் பலமாகத் தெரியும், ஆனால் தட்டு மேலே இழுபடும்போது அடியில் இருக்கும் கட்டை எதையும் தாங்காது, பசையையே நம்பியிருக்கும். பால்சாவில் கட்டை செய்வதும் வேண்டாம். நாருக்குக் குறுக்காக அமுக்கினால் பால்சா மாதக்கணக்கில் தாழ்ந்துகொண்டே போகும்.

பக்கச் சுவரின் உட்புறத்தில், தட்டு வரும் இடத்தை நடுவாக வைத்து 1.5 மி.மீ. பிளையை முதலில் ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டுவதால் தட்டின் அகலத்தில் மொத்தம் 3 மி.மீ. குறைக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இந்தப் பிளையின் முன், பின் முனைகளைச் சாய்வாக வெட்டுங்கள். சதுரமாக விட்டால் விறைப்பான பகுதி சட்டென முடியும் கோட்டில் அடுத்த விரிசல் விழும். வலுப்படுத்திய விமானங்கள் ஒட்டுப்பலகையின் ஓரத்தில் கத்தியால் வெட்டியதுபோல் முறிவது இதனால்தான்.

எபாக்ஸியோடு பஞ்சுத்தூள் சேர்த்து, இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கலக்க வேண்டும். மைக்ரோபலூன் (உள்ளீடற்ற நுண்ணிய உருண்டைகளாலான தூள்) சேர்க்காதீர்கள். அது பள்ளம் நிரப்பித் தேய்ப்பதற்கானது. சுமை தாங்கும் இணைப்பில் சுண்ணாம்புபோல் உதிரும். நம் ஊர் வெப்பத்தில் முப்பது நிமிட எபாக்ஸி இருபது நிமிடத்திலேயே கெட்டியாகத் தொடங்கும். பசையை ஒரே குவியலாக வைக்காமல் தட்டையாகப் பரப்பி வைத்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். தட்டையும் கட்டைகளையும் ஒட்டி 24 மணி நேரம் விட்டபின், மேற்பரப்பில் ஒட்டும் பிசுபிசுப்பான படலம் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்துத் தேய்த்துவிட்டே அடுத்த பூச்சு. ஈரமான காற்றில் உறையும் எபாக்ஸியில் அந்தப் படலம் வரும். அதன் மேல் எதுவும் ஒட்டாது.

கட்டைகளின் மேல்முகத்தை இறக்கையின் வளைவுக்கு இசைய வைக்க ஒரு நல்ல வழி உண்டு. உப்புத்தாளை இறக்கையின் அடியில் சொரசொரப்பு கீழ்நோக்கி ஒட்டி, இறக்கையை அதன் இடத்தில் வைத்து முன்பின்னாக ஓரிரு மில்லிமீட்டர் ஆட்டினால் அந்த 0.3 மி.மீ. தேய்ந்து வளைவு பதியும். கடைசியாக, இறக்கையின் அடியில் உணவு மூடும் பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் விரித்து, கட்டைகளின்மேல் பஞ்சுத்தூள் எபாக்ஸியை மெல்லிய படுகையாகத் தடவி, இறக்கையை வைத்து அதன் எடையிலேயே உறையவிட்டால் இடைவெளி எங்கும் இருக்காது. அதற்கு முன் இறக்கை நுனியிலிருந்து செங்குத்து வால்வரை இருபுறமும் அளந்து, வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருப்பதை உறுதி செய்யுங்கள். படுகை உறைந்தபின் கோணலைத் திருத்த முடியாது.

துளை இடும்போது இறக்கையின் பழைய துளைகளே வழிகாட்டி. போல்ட்டுகளுக்கு இடையே 40 மி.மீ.; ஒவ்வொன்றும் கட்டையின் உள்விளிம்பிலிருந்து 10 மி.மீ. தள்ளி நிற்கும்படி அமைந்தது. இதைவிட நடுவுக்கு நகர்த்தினால் தட்டு வளையும். டி-நட்டைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. பற்கள் பிளையைப் பிளக்கும். இரும்பு எம்5 போல்ட்டும் பெரிய வாஷரும் வைத்து மேலிருந்து மெல்ல இறுக்கி உள்ளே இழுத்து, விளிம்பைச் சுற்றி எபாக்ஸி தடவினால் துருவும் தாமதமாகும். மரைக்குள் பசை புகாமல் இருக்க அந்தப் போல்ட்டில் சிறிது மெழுகு தடவிக்கொள்ளுங்கள்.

எம்6-க்கு வெட்டிய இறக்கைத் துளை எம்5-க்குத் தளர்வாக இருக்கும். உள்விட்டம் 5.2 மி.மீ. வரும் அலுமினியக் குழாயைத் துளைக்குள் ஒட்டி, மேல்முகத்தில் 1 மி.மீ. பிளையை வைத்ததும் போல்ட்டின் தலை பால்சாவில் அமுங்குவதும் நின்றது. பிளை ஒட்டும் இடத்தில் ஃபிலிமை உரித்துவிட வேண்டும். ஃபிலிமின்மேல் ஒட்டிய பலகையைத் தாங்குவது ஃபிலிமின் பசை மட்டுமே.

குறுக்குச் சட்டத்தின் முகத்தில் பிளைத் துண்டை ஒட்டி, முளைகளையே அச்சாக வைத்துத் துளையைச் சரிபார்த்ததோடு முன்பக்க வேலை முடிந்தது. முளைகள் இறக்கைக்குள் ஆடுகின்றனவா என்று இடுக்கியால் திருகிப் பார்ப்பது நல்லது. இங்கே உறுதியாகவே இருந்தன.

மொத்தம் கூடிய எடை ஏறத்தாழ 30 கிராம். ஆனால் அது ஈர்ப்பு மையத்துக்கு 165 மி.மீ. பின்னால் கூடியதால் மையம் 2 மி.மீ. பின்னே போனது. 350 கிராம் பேட்டரியை 14 மி.மீ. முன்னே நகர்த்தியதும் பழைய இடத்துக்கே வந்தது.

சோதனை

பறக்கும் முன் தரையிலேயே சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு முக்காலிகளில் தடித்த பஞ்சு வைத்து, நடுவிலிருந்து இருபுறமும் 380 மி.மீ. தள்ளி, இறக்கையைக் கால் பங்கு அகலத்தில் தாங்க வையுங்கள். உடற்பகுதி நடுவே தொங்கும். ஈர்ப்பு மையத்துக்கு நேர்கீழே ஒரு பயணப்பெட்டி வாரைச் சுற்றி, 5 கிலோ அரிசிப் பையையும் இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தல்களையும் கட்டித் தொங்கவிட்டால் இறக்கைப் பிடிப்பில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு ஈர்ப்பு. ஒரு நிமிடம் விட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். சரியான இணைப்பு சத்தமே போடாது. ‘டிக்’ என்று ஒருமுறை கேட்டாலும் சுமையை இறக்கித் தேட வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். 1.5 கிலோவைத் தாண்டிய ஆளில்லா வானூர்திக்கு இங்கே பதிவு மட்டும் போதாது, ஓட்டுபவருக்கு அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழும் தேவை. கடல் மட்டத்துக்கு மேல் 60 மீட்டர்தான் அனுமதியின்றிப் பறக்கும் உயரம். அந்த உயரத்தில் இறக்கை பிடுங்கிக்கொண்டால் இரண்டு கிலோ உடற்பகுதி மூன்றரை விநாடியில் தரையில் இருக்கும். ஓடி விலக யாருக்கும் நேரம் இருக்காது.

வேறு ரகங்களுக்கு ஒரு சொல். ரப்பர் வளையத்தால் கட்டும் இறக்கையைப் போல்ட்டுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. பழகுநருக்கு ரப்பரே மேல். அடிபட்டால் இறக்கை நழுவிவிடும், எதுவும் பிய்யாது. வெயிலிலும் வியர்வையிலும் இங்கே அது சீக்கிரம் மக்கும் என்பதால் மேற்பரப்பில் நுண்விரிசல் தெரிந்ததும் வீசிவிடுங்கள். நுரை விமானங்களில் போல்ட்டின் தலைக்கும் நட்டுக்கும் அடியில் அகலமான பிளைத் துண்டுகளை நுரைக்கேற்ற பசையால் ஒட்டிச் சுமையைப் பரப்பினாலே பெரும்பாலும் போதும்.

இந்த விமானத்தில் இனிப் பின்பற்ற வேண்டிய இறுக்கம் இதுதான்: திருப்புளியின் பிடியை உள்ளங்கையால் பற்றாமல் இரண்டு விரல்களால் மட்டும் திருகி, போல்ட்டின் தலை தொட்டதும் இன்னும் கால் சுற்று. பிறகு நான்காக மடித்த பற்றுச்சீட்டுத் தாளை இறக்கைக்கும் தாங்குகட்டைக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அன்று பறக்க வேண்டாம்.